ஆறு அடாப்டரும் ஒரு பெட்டியும்

யுகேஷ் அன்று காலை ஒரு சபதம் எடுத்தான். வாய் நிறைய நுரை, எதிரே கண்ணாடி. வீரர்கள் வாளைத் தூக்கிச் சபதம் செய்வார்கள். கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வாளுக்கு எங்கே போவது? பிரஷைத் தூக்கினான்.

“இனிமே எனக்கு ஒரே சப்ளை!”

நுரை கண்ணாடியில் தெறித்தது. குசினியிலிருந்து மனைவி நிரோஷாவின் குரல் வந்தது.

“கண்ணாடிய தொடச்சிட்டு வாங்க.”

துடைத்துவிட்டுத்தான் வந்தான். சபதம் வேறு, குடும்பம் வேறு.

விஷயம் இதுதான். கிழமை நாட்களில் யுகேஷ் கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ஹந்தானை பாய்ஸ்’ இசைக்குழுவின் கிட்டார் கலைஞன். அந்தப் பாய்ஸில் மிகச் சிறிய பையனுக்கு வயது முப்பத்தெட்டு. அது யுகேஷ்தான். அவன் கிட்டாருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்க ஒரு சின்ன அம்ப். அம்புக்கு முன்னால் காலால் மிதிக்கிற ஐந்து பெடல்கள். ஒன்றை மிதித்தால் கிட்டார் கரகரக்கும். ஒன்றை மிதித்தால் எதிரொலிக்கும். ஒன்றை மிதித்தால் அழும். இன்னொன்றை மிதித்தால் இரண்டு பேர் வாசிப்பது போலிருக்கும். ஐந்தாவது, சுருதி சரியா பிழையா என்று விளக்குப் போட்டுக் காட்டும். ஆக மொத்தம் ஆறு சாமான். ஆறு சாமானுக்கு ஆறு அடாப்டர்.

ஆறும் இரண்டு ஊசி அடாப்டர்கள். வீட்டு ப்ளக்குக்கோ மூன்று ஓட்டை. மேல் ஓட்டையில் எதையாவது குத்தினால்தான் கீழே உள்ள இரண்டும் வாய் திறக்கும். அதற்கு இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கிற ஆயுதம் பேனை. யுகேஷ் குத்தியவை எல்லாம் சிவப்புப் பேனைகள். குத்தியதைத் திருப்பி எடுக்கும் பழக்கமும் அவனுக்கு இல்லை. நிரோஷா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் கொப்பிகள் ஒரு தவணை முழுக்கப் பச்சை மையில் திருத்தப்பட்டதற்குக் காரணம் கல்வித் திணைக்களம் அல்ல, யுகேஷ்.

இவ்வளவு செய்தும் கிட்டார் ஒழுங்காகப் பாடியதா? இல்லை. அவன் கை வைக்கும் முன்பே அம்ப் பாடத் தொடங்கிவிடும். “ஙொய்ங்...” என்று ஒரே சுருதியில், மூச்சு விடாமல் பாடும். ஆறு அடாப்டரும் சேர்ந்து போடுகிற சத்தம் அது.

போன மாதம் கண்டி வாவிக்கு மேலே இருக்கிற ஒரு ஹோட்டலில் ஹந்தானை பாய்ஸைப் பரிசோதித்துப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பிடித்துப்போனால் ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரத் தேநீர் விருந்துக்கு வாசிக்கலாம். மேடைக்குக் கொடுத்தது ஒரே ஒரு ப்ளக். மற்றதெல்லாம் தேத்தண்ணிப் பானைக்கும் கேக் குளிரூட்டிக்கும் போய்விட்டது. அந்த ஒன்றில் எல்லாரும் தொங்கியதில், அம்ப் போட்ட ஙொய்ங்கில், வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் குளவி வந்துவிட்டதென்று கேக்கை விட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

மெனேஜர் நல்ல மனிதர். இன்னொரு ஞாயிறு தந்தார். ஆனால் குழுத் தலைவன் கணேஸ் நல்ல மனிதன் அல்ல. அவன் கீபோர்ட் வாசிப்பவன்.

“மச்சான், இந்த ஞாயித்துக்கெழமையும் அந்தச் சத்தம் வந்தா கிட்டார் வேணாம். கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்கு. ஒரு பட்டன்தான்.”

ஒரு பட்டன்! பதினெட்டு வருடமாக விரல் நுனி காய்த்துப்போனவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? யுகேஷுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிரஷ் சபதம்.

சபதத்துக்கு அடுத்த நிமிடமே சோதனை வந்தது. பாணைக் கறியில் தோய்த்துக்கொண்டிருந்தபோது நிரோஷா கேட்டாள்.

“என்னங்க, அப்பா புது வீட்டுல பால் காய்ச்சுறாரு. வாற மாசம் ரெண்டாந் திகதி. நீங்க கிட்டார் வாசிக்கணும்னு ஒரே ஆசையா இருக்காரு.”

யுகேஷின் கை பாதி வழியில் நின்றது.

மாமனார் அழகையா புசல்லாவையில் இருக்கிறார். தங்கமான மனிதர். ஆனால் பாடுவார். பல்லவியை ஒரு சுருதியில் எடுப்பார். அனுபல்லவிக்கு வேறொரு சுருதிக்குக் குடிபோவார். சரணத்தில் அவர் நிற்கிற இடத்தை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. யுகேஷ் தன் கல்யாணத்தன்று, புது மாப்பிள்ளை என்ற மயக்கத்தில், மாமனாருக்குக் கிட்டார் வாசிக்க ஒப்புக்கொண்டான். நாலு மணித்தியாலம். இருபத்தாறு பாட்டு. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாமனாரைச் சுருதி சுருதியாகத் துரத்தினான். கடைசியில் விரல் வீங்கி, மோதிரம் கழற்ற முடியாமல் போனது.

அதற்குப் பிறகு இந்த ஆறு வருடத்தில் அவன் மாமனார் வீட்டு விசேஷம் ஒன்றில்கூட வாசித்ததில்லை. மறுத்ததும் இல்லை. மறுத்தால் மரியாதை போய்விடும். பழியை ப்ளக்கின் மேல் போட்டுவிடுவான்.

“ஐயோ நிரோ, எனக்கு ஆசைதான்! ஆனா தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு ப்ளக்தானே இருக்கு. எனக்கு ஆறு வேணுமே!”

மச்சான் கல்யாணத்துக்கு அப்படிச் சொன்னான். கோயில் திருவிழாவுக்கும் அப்படித்தான் சொன்னான். இந்தத் தடவை தெய்வமே கூட நின்றது. புது வீட்டுக்கு இன்னும் கரண்டே வரவில்லை. மீட்டர் பூட்ட மூன்று மாதம் ஆகுமாம்.

“புது வீட்டுல கரண்டே இல்லையே நிரோ,” என்றான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. “கரண்ட் இல்லாம நான் என்னத்த வாசிக்கிறது? மாமா கிட்ட சொல்லு, மனசு முழுக்க அங்கதான் இருக்குன்னு.”

“சும்மா கிட்டார மட்டும் கொண்டு வந்தா?”

“இது அந்த மாதிரி கிட்டார் இல்ல. கரண்ட் இல்லாட்டி இதுவும் ஒரு பலகைதான்.”

“ஓ,” என்றாள் நிரோஷா. அவ்வளவுதான். வாதாடவில்லை. கறிச்சட்டியை மூடிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். யுகேஷ் இன்னும் ஒரு துண்டுப் பாண் எடுத்துக்கொண்டான். வெற்றிக்குப் பிறகு நன்றாகப் பசிக்கும்.

அன்று பின்னேரமே அக்குறணைக்கு பஸ் ஏறினான். அங்கே மெயின் ரோட்டில் இப்ஹாமின் ரிப்பெயார் கடை இருக்கிறது. ரேடியோ, இன்வர்ட்டர், மிக்சி என்று எதைக் கொண்டுபோனாலும் உயிர் கொடுத்து அனுப்புகிறவன். கண்டியில் ஹோட்டல் கச்சேரி செய்கிறவர்கள் பாதிப் பேருக்கு அவன்தான் வைத்தியன்.

இப்ஹாம் ஆறு அடாப்டரையும் மேசையில் பரப்பினான். தலையில் கை வைத்தான்.

“மச்சான், இது என்ன? பாம்புக் கூடா?”

“எல்லாத்தையும் ஒண்ணாக்கி ஒரே சப்ளை செஞ்சி குடு.”

“நீங்க ஒண்டும் செஞ்சி பாக்கலியே?”

யுகேஷ் நிலத்தைப் பார்த்தான். “ஒரே வயர்ல எல்லாத்தையும் கோத்துப் பாத்தேன்.”

“அம்பையும் சேத்தா?”

“சேத்துதான்.”

“யா அல்லாஹ்! ஒங்கட அம்புக்கு பன்னெண்டு வோல்ட். பெடலுக்கு ஒம்பது. அம்புக்கு நடு ஊசி பிளஸ். பெடலுக்கு நடு ஊசி மைனஸ். எல்லாத்தயும் ஒரே கயித்துல கட்டினா சண்ட வராம என்ன வரும்? ஒண்டும் எரியல்லயே?”

“ஒரு வாசம் வந்துச்சு.”

“நல்ல வாசமா?”

“இல்ல.”

இப்ஹாம் ஐந்து பெடலையும் ஒவ்வொன்றாகச் சோதித்தான். எல்லாம் பிழைத்திருந்தன. பிறகு பென்சிலை எடுத்துப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டான். “இங்க பாருங்க. ஒரே அடுப்பு. ஆனா சட்டி வேற வேற. அம்புக்கு நேர பன்னெண்டு. பெடல் அஞ்சுக்கும் தனித் தனியா ஒம்பது. ஒண்டுட வயர் மத்ததுல படாது. அப்ப அந்தச் சத்தம் சுத்தி வாறதுக்கு வழியில்ல.”

“அடுப்பு எது?”

“அதுதான் விசயம்.” இப்ஹாம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு பெட்டரியைத் தூக்கி வைத்தான். “பன்னெண்டு வோல்ட் பெட்டரி. சார்ஜ் பண்ணிட்டு கொண்டு போங்க. மேடையில ப்ளக்கே தேவல்ல. கரண்ட் இல்லாத காட்டுல கூட மூணு மணித்தியாலம் வாசிக்கலாம்!”

யுகேஷ் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தான். பிடித்த கை அப்படியே நின்றது. முகம் வெளுத்தது.

“என்ன மச்சான்? ஷொக் அடிச்சா?”

“கரண்ட் இல்லாத காட்டுலயும் வாசிக்கலாமா?”

“ஓ.”

“கரண்ட் இல்லாத வீட்டுலயும்?”

“வீட்டுல வாசிக்கேலாதா பின்ன?”

யுகேஷ் கடை வாசலை ஒரு தடவை எட்டிப்பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “இப்ஹாம், இது என் பொஞ்சாதிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் முடிஞ்சேன்.”

“நான் மௌத்தானாலும் சொல்லமாட்டன். ஆனா இந்தப் பெரிய பெட்டிய எங்க ஒளிக்கிற?”

“ஒளிக்கிறதா? அவ கண்ணு முன்னாலயே வைக்கப் போறேன்.” யுகேஷின் மூளை அன்று நல்ல வெளிச்சத்தில் இருந்தது. “ரூட்டருக்கு பெட்டரின்னு சொல்லுவேன். அவ ஒன்லைன் கிளாஸ் எடுக்கிறவ. சந்தோசப்படுவா.”

மூன்று நாளில் பெட்டி வந்தது. பழைய டிவிடி பிளேயர் கூட்டுக்குள் பெட்டரி. பின்னால் ஆறு வயர். பக்கத்தில் ஒரே ஒரு சுவிட்ச். யுகேஷ் அதை அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

“நிரோ, ஒனக்கு ஒரு பரிசு. கரண்ட் போனாலும் இனிமே ஒன் கிளாஸ் நிக்காது.”

நிரோஷா குனிந்து பார்த்தாள். “ரூட்டருக்கா?”

“ரூட்டருக்கேதான்.”

“ரூட்டருக்கு ஒரு வயர் போதுமே. ஆறு இருக்கு?”

“ஒண்ணு பழுதாப் போனா அடுத்தது. முன்யோசனை.”

“அஞ்சு ஸ்பேரா?”

“நல்ல பெட்டின்னா அப்படித்தான்.”

நிரோஷா ஒரு வயரின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுத்த வயரையும் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். பத்துப் பிழை விட்ட கொப்பியைத் தந்துவிட்டுப் பல்லைக் காட்டுகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

“ரொம்ப சந்தோசங்க,” என்றாள்.

யுகேஷுக்கு நெஞ்சு ஒரு அங்குலம் அகலமானது. விஞ்ஞான டீச்சருக்கே காதில் பூச்சுற்றியாயிற்று!

மறுநாள் கடைக்கு அரைநாள் லீவு போட்டான். நிரோஷா பள்ளிக்கூடத்துக்குப் போனதும் கதவைப் பூட்டிவிட்டு, ஆறு வயரையும் மாட்டினான். சுவிட்சைத் தட்டினான். ஐந்து பெடலிலும் சின்னச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்பின் சத்தத்தை மெல்ல ஏற்றினான். பாதி. முக்கால். முழுசு.

ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் காகம் கரைந்தது கேட்டது. மாத்தளை ரோட்டில் பஸ் போனது கேட்டது. அம்பிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த அமைதியைக் கேட்டான். அவனுக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. பிறகு ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். சத்தம் சுத்தமாக, தனியாக, துவைத்துக் காயப்போட்ட சட்டை மாதிரி வந்து நின்றது. கணேஸும் அவன் பட்டனும் நாசமாய்ப் போக என்று வாய்விட்டுச் சொன்னான்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் நிரோஷா மெதுவாக ஒரு குண்டைப் போட்டாள்.

“நாளைக்கு நானும் ஹோட்டலுக்கு வாறேங்க.”

“நீயா? எதுக்கு?”

“நீங்க வாசிக்கிறத பாக்கத்தான். அப்பாவும் வாறாரு. கண்ணு காட்ட டவுனுக்கு வந்திருக்காரு. மாப்ள கச்சேரிய பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்னு நிக்கிறாரு.”

மேடையில் பெட்டியைப் பார்த்தால் கதை கந்தல். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவன் கலைஞன். ஐந்து நிமிடத்தில் புதுத் திட்டம் தயார்.

திட்டம் இதுதான். பழைய ஆறு அடாப்டரையும் கொண்டுபோவது. மேடையின் முன்னால், எல்லாரும் பார்க்கிற இடத்தில், மல்டி ப்ளக்கில் ஆறையும் பேனையோடு குத்திவைப்பது. வயர்களை விரிப்புக்கு அடியில் விட்டுவிடுவது. அவை எங்கும் போகாது. சும்மா படுத்திருக்கும். உண்மையான பெட்டி பின்னால், மேசைத்துணிக்குள். பார்க்கிறவர்களுக்கு அதே பழைய பாம்புக் கூடு. யாருக்குச் சந்தேகம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலில் நாலு சாமான் ஏறின. யுகேஷ், நிரோஷா, கிட்டார், அழகையா. அம்பும் பெடலும் அடாப்டரும் சீட்டுக்குப் பின்னால். பெட்டி வைத்த பேக்குக்கு இடமில்லை. மாமனார் பெரிய மனது பண்ணி மடியில் வாங்கிக்கொண்டார்.

“என்ன மாப்ள, இந்தப் பாரம் பாரிக்குது? உள்ள என்ன?”

“வயர் மாமா.”

“வயரா? அம்மிக்கல்லு மாதிரி இருக்கு.”

“நல்ல கனமான வயர் மாமா.”

நிரோஷா வெளிப்பக்கம் திரும்பி மகாவலியை ரசித்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் கொஞ்சம் குலுங்கியது. ரோட்டில் பள்ளம் என்று யுகேஷ் நினைத்தான்.

ஹோட்டலில் எல்லாம் திட்டப்படி நடந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே முப்பது மேசை நிறைய ஆட்கள். நிரோஷாவும் அழகையாவும் மூன்றாவது மேசையில், கேக் தட்டோடு. மேடையின் முன்னால் ஆறு அடாப்டரும் ஆறு சிவப்புப் பேனையும் கண்காட்சிக்கு வைத்தது போல நின்றன. கணேஸ் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

“அதே குப்பையா? மச்சான், நான் சொன்னது ஞாபகம் இருக்குதானே?”

“ஞாபகம் இருக்கு. நீ பட்டன தொடாம இரு.”

யுகேஷ் அம்பின் சத்தத்தை ஏற்றினான். கணேஸ் காதைக் கூர்மையாக்கினான். ஒன்றும் இல்லை. இன்னும் குனிந்தான். ஒன்றும் இல்லை. அம்பின் மேலேயே காதை வைத்தான்.

“வேல செய்யுதா இது?”

யுகேஷ் ஒரு கம்பியைச் சுண்டினான். கணேஸ் காதைப் பிடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்தான். பொங்கோ வாசிக்கிறவர் சிரித்தார். கச்சேரி தொடங்கியது.

முதல் பாட்டில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவதில் கரண்டியைக் கீழே வைத்தார்கள். நாலாவதில் யுகேஷின் தனி வாசிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுகிற பெடலை மிதித்தான். கிட்டார் அழுதது. எதிரொலிப் பெடலை மிதித்தான். அழுகை மண்டபத்தைச் சுற்றிவிட்டு வந்தது. இடையில் ஒரு தடவை கண் திறந்து மூன்றாவது மேசையைப் பார்த்தான். நிரோஷாவின் கதிரை வெறுமையாக இருந்தது. கேக் எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்துத் திரும்பவும் கண்ணை மூடினான்.

அப்போதுதான் அது நடந்தது.

விளக்கு எல்லாம் அணைந்தது. கீபோர்ட் பாதிச் சுரத்தில் செத்தது. பாடகரின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. தேத்தண்ணிப் பானையின் கொதிப்பும் அடங்கியது. ஜன்னல் வழியாக மழை வெளிச்சம் மட்டும் சாம்பல் நிறத்தில் விழுந்தது.

கிட்டார் மட்டும் நிற்கவில்லை.

யுகேஷ் கண்ணைத் திறந்தான். நிலைமை புரிந்தது. விரல் ஒரு கணம் தயங்கியது. இப்போது நிறுத்தினால் தப்பலாம். எல்லாரையும் போல என் சாமானும் போச்சே என்று கையை விரிக்கலாம். மாமனார் நம்புவார். அவனுக்குள் இருந்த மருமகன் யுகேஷ், நிறுத்தடா என்று கத்தினான். ஆனால் முப்பது மேசையும் அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. கணேஸ், செத்துப்போன கீபோர்டில் கிட்டார் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தான். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் இப்படி ஒரு நிமிடம் வருமா?

கலைஞன் யுகேஷ் ஐந்து பெடலையும் ஒன்றாக மிதித்தான்.

அந்தப் பின்னேரம் வாவிக்கரையில் நடந்ததை ஹந்தானை பாய்ஸ் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பொங்கோக்காரர் தாளத்தோடு சேர்ந்துகொண்டார். ஒருவர் போனில் விளக்கைப் பிடித்தார். பத்து, இருபது, நூறு என்று விளக்குகள் எழுந்தன. பரிமாறுகிற பையன்கள் தட்டோடு நின்று ஆடினார்கள். போன மாதம் குளவிக்கு ஓடிய வெள்ளைக்காரப் பெண்மணி இந்தத் தடவை மேடைக்கு ஓடி வந்தார். ஏழு நிமிடம் யுகேஷ் தனி ஆளாகக் கண்டியை ஆண்டான்.

விளக்கு திரும்ப வந்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நிரோஷா கதிரையில் இருந்தாள். கையில் புது கேக் துண்டு. கண்ணில் தண்ணீர். அது பொய்த் தண்ணீர் அல்ல, அவளுக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

மெனேஜர் மேடைக்கே வந்து கையைக் குலுக்கினார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆக வேண்டும், இன்றைக்கு ஏன் ஆகவில்லை என்று தனக்கே விளங்கவில்லை என்றார். போகட்டும், இனி ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள்தான், ஆனால் கிட்டார்காரர் கட்டாயம் வரவேண்டும் என்றார். கணேஸ் யுகேஷின் தோளில் கை போட்டான்.

“மச்சான், எனக்கும் அப்படி ஒரு பெட்டி செஞ்சி குடேன்.”

“பாப்போம்,” என்றான் யுகேஷ். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தானே இத்தனை பாடு!

அதற்குள் அழகையா மேடைக்கு வந்துவிட்டார். மருமகனைக் கட்டிப்பிடித்ததில் கிட்டார் நசுங்கியது.

“மாப்ள! மானத்த காப்பாத்திட்டீங்க! ஊரே இருட்டாப் போயும் நிப்பாட்டலியே!”

பின்னால் வந்த நிரோஷா அப்பாவியாகக் கேட்டாள். “ஆனா அப்பா, இவரு பால் காய்ச்சுறதுக்கு வர முடியாதுப்பா. புது வீட்டுல கரண்ட் இல்லையே. ஆறு ப்ளக் வேணும்ல?”

“ப்ளக்கா?” அழகையா மகளை மேலும் கீழும் பார்த்தார். “இப்ப எந்த ப்ளக்குல வாசிச்சாரு? ஒனக்கு கண்ணு தெரியலியா? என்னோட வா, ஒன் கண்ணையும் காட்டிருவோம். மாப்ள, ரெண்டாந் திகதி விடியக்காலம் அஞ்சு மணிக்கு பால். ஆறு மணிக்கு பாட்டு. இந்தத் தடவ நாப்பது பாட்டு எழுதி வச்சிருக்கேன்!”

யுகேஷ் உதவி தேடி மனைவியைப் பார்த்தான். மனைவி கேக்கைப் பார்த்தாள். தலை தானாக ஆடியது. “வாறேன் மாமா,” என்றது வாய்.

மாமனாரைப் புசல்லாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இருவரும் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெட்டி யுகேஷின் மடியில். நாற்பது பாட்டு நெஞ்சில் கல்லாக இருந்ததுதான். என்றாலும் காதில் இன்னும் அந்தக் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. ஹோட்டல் கிடைத்தது. கணேஸ் கெஞ்சினான். ஒரு நாள் மாமனாருக்கு விரல் கொடுத்தால் தேய்ந்தா போய்விடும்? தவிர, இதில் அவன் தோற்றதாகவும் சொல்ல முடியாது. அவன் திட்டத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. விதி குறுக்கே வந்தால் மனிதன் என்ன செய்வான்? நினைக்க நினைக்க அவனுக்குத் தன் மேலேயே மதிப்பு ஏறியது. உண்மையைச் சொல்லிவிடுகிற அளவுக்குப் பெருந்தன்மையும் வந்தது.

“நிரோ, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டி ரூட்டருக்கு இல்ல.”

“அப்படியா?”

“நீ டீச்சர்தான், இருந்தாலும் ஒனக்கே தெரியாம ஒளிச்சி வச்சிருந்தேன் பாத்தியா! இன்னைக்கு மட்டும் கரண்ட் போகாட்டி நீ ஆயுசுக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்ட.”

நிரோஷா விரலில் ஒட்டியிருந்த கேக்கின் ஐசிங்கைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“கரண்ட் எங்கங்க போச்சு, கை கழுவுற எடத்துல இருந்த மண்டபத்து ட்ரிப் சுவிட்ச நான்தானே எறக்கிவிட்டேன்.”